பெரியவர் வளர்கிறார்

1

லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது.

"காலைத் தூக்கி வைக்கா," என்றான் தம்பி.

"ஊர் லிஃப்டையெல்லாம் சரி பண்றே. அக்கா வேலை பாக்குற கட்டடத்தை மட்டும் இப்படி விட்டு வெச்சிருக்கே."

"டாக்டர் வீட்டுலதான்க்கா இருமல் நிக்காது. அடுத்த தடவை வரும்போது பாத்துடறேன்."

முந்தின நாள் அவன் வீட்டில் நான் மறந்து வைத்துவிட்ட குடையைக் கொடுக்க வந்திருந்தான். கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினான். லிஃப்ட் மெக்கானிக்குகள் இறங்கும்போது படியில்தான் இறங்குவார்களாம். உள்ளே நடக்கிற கூத்து தெரிந்தவர்களாம். அவன் போட்ட சீட்டி கீழ்த்தளம் வரை கேட்டது. அதற்குப் பிறகு அவன் விஷயத்தில் எதுவும் சாதாரணமாக நடக்கவில்லை.

ஆனால் இந்தக் கதை அந்த லிஃப்டில் பிறந்ததல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது பொறாமையில் பிறந்த கதை. எனக்கு ஒரு பெரியவர் மேல் பொறாமை. அவரும் என் தம்பியைப் போலவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமல் செத்துப்போனவர். அரசாங்கம் அச்சிட்ட குழு நடவடிக்கைக் குறிப்பில் அவருக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. என் தம்பிக்கு ஒரு வரி. அதிலும் அவன் இல்லை, நான்தான் இருக்கிறேன்: "பொதுமக்கள் தரப்பில் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்."

இத்தனைக்கும் என் தம்பி இருந்தவன். பெரியவர் இல்லாதவர்.

2

எழுதத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் தொழில். படிக்கத் தெரியும். நிறையப் படித்தால் எழுத வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நிறையச் சாப்பிட்டால் சமைக்க வந்துவிடுமா?

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[என் தம்பியைப் போல் ஒருவனை இந்த உலகம்]

அங்கேயே நிறுத்தினேன். உலகம் அவனைப் போல் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறது. "இதோ கீழதான்க்கா நிக்கிறேன்" என்று போனில் சொல்லிவிட்டு ஊரின் மறுகோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் அவன். வாங்கின புத்தகத்தைத் திருப்பித் தராதவன். செத்துப்போனதும் எனக்குள் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டார். அவரை வெளியே தள்ளிவிட்டு எழுதுவதுதான் பெரிய பாடு.

இரண்டாவது தொடக்கம்:

[மக்கள் நல்வாழ்வுக் குழுவின் கூட்டம் காலையில் தொடங்குவதாக இருந்தது, தலைவருக்கு யாரோ பொன்னாடை போர்த்த வந்ததால் மதியத்தை ஒட்டித் தொடங்கியது.]

இது உண்மை. ஆனால் இதைப் படித்ததும் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். சிரித்துவிட்டுத் தம்பியிடம் வருவது கஷ்டம். அதனால் முதலில் தம்பியை முடித்துவிடுகிறேன்.

3

குடையைக் கொடுத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவனுக்கு நெஞ்சுவலி. பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு ஊசி போட்டு, "இங்க வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். வண்டி கொடுத்தார்கள். வண்டியில் ஓட்டுநர் இருந்தார். ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவர் யாரும் ஏறவில்லை. திறக்கிற சாவியும் இல்லை.

பின்னால் தம்பியும் அவன் மனைவியும் மட்டும். மூச்சு வாங்கும்போது அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் அளவுக்கு விரித்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினானாம். அவள் தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து பாட்டிலைத் திறந்தாள். சிலிண்டரைத் திறக்க ஸ்பானர் அளவு சொல்லியிருக்கிறான் என்பது அவளுக்கு மறுவாரம்தான் உறைத்தது. அவன் பையிலிருந்த கருவிகளைத் துடைத்து வைக்கும்போது.

(இது அவள் சொன்னது. நான் வண்டியில் இல்லை. துக்கத்தில் கற்பித்துக்கொண்டாளோ என்று எனக்கே ஒரு நாள் சந்தேகம் வந்தது. கேட்டேன். "கற்பனை பண்றதுன்னா அவரு பொழைச்சுக்கிட்ட மாதிரி பண்ணியிருக்க மாட்டேனா அக்கா?" என்றாள். அதன் பிறகு சந்தேகப்படவில்லை.)

4

அப்போதுதான் மசோதா ஒன்று வருவதாகத் தெரிந்தது. ஆபத்தான நிலையில் உள்ள நோயாளியை ஓர் ஆஸ்பத்திரி இன்னொன்றுக்கு அனுப்பினால், வண்டியில் வேலை செய்கிற ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் கட்டாயம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் மசோதா. இதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டியவர்கள், இதற்கு ஓட்டெடுப்பு வைத்திருந்தார்கள்.

சட்டம் என்றால் பெரிய மண்டபம், முழக்கம், மேஜை தட்டல் என்று நினைத்திருந்தேன். அது பிழைப்பதும் சாவதும் ஒரு சின்ன அறையில். ஒன்பது நாற்காலி, ஒன்பது தண்ணீர் பாட்டில், ஒன்பது உறுப்பினர். அங்கே கை தூக்கி ஒப்புக்கொண்டால்தான் மசோதா மண்டபத்துக்குப் போகும். அந்தக் கட்டடத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் தரையோடு தரையாக நின்றது. மயிரிழை ஏற்றத்தாழ்வு இல்லை. அதற்குள் இருந்து இறங்குகிறவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கூட்டம் நடந்த அன்று பட்டியலில் நிறைய மசோதாக்கள். ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகை நீலமா பச்சையா என்ற மசோதாவுக்குத்தான் மிக நீண்ட விவாதம். ஒரு உறுப்பினர் பச்சையைப் பார்த்தால் தனக்கு நம்பிக்கை பிறப்பதாகக் குரல் தழுதழுக்கச் சொன்னார். நீலம் வென்றது.

ஏழாவது எங்களுடையது. எட்டாவது, மூக்குக்கண்ணாடிக் கடைகளே கண் பரிசோதனை செய்யலாம் என்ற மசோதா. ஆமாம், என் தொழிலேதான். முன்வரிசையில் கடைக்காரர் சங்கம் மொத்தமும் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் என் முதலாளி.

"காய்ச்சல்னு லீவு போட்டே?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்க. இங்க வந்ததும் கொஞ்சம் தேவலை."

"சரி, வந்தது வந்துட்டே. நம்ம ஐட்டம் வரும்போது கை தட்டு."

"இங்க கை தட்டக் கூடாதுங்க."

"அப்ப எதுக்குத்தான் கூப்பிடறாங்க?" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

(ஒரே நாளில் என் துக்கமும் என் முதலாளியும் ஒரே அறையில். கதையில் இப்படி எழுதினால் செயற்கை என்பீர்கள். நானும் அவரை எடுத்துவிட்டு வேறு சங்கத்தைப் போட்டுப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அதனால் அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும்.)

5

இனி பேனாமூடி. குழு உறுப்பினர் ஒருவருக்கு அந்தப் பெயரை வைத்தது தம்பி மனைவி. மனு கொடுக்கப் போன அன்று, நாங்கள் பேசி முடிக்கும் வரை அவர் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். "நம்ம மசோதாதாம்மா. நானும்தானே அதுல கையெழுத்து போட்டிருக்கேன்," என்றார். பொய் இல்லை. மசோதாவை முன்மொழிந்த மூவரில் அவர் ஒருவர். ஒன்பதில் ஐந்து கை எங்களுக்கு உறுதி, அவருடையது ஐந்தாவது.

எங்கள் மசோதா வருவதற்கு முன் அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வெளியே போனார். அவர் போனதும் என் முதலாளி எழுந்து, கும்பிட்டு, "ஒரு கிளைத் திறப்பு விழா இருக்குங்க, எங்களோடதை முன்னாடி எடுத்துக்கிட்டா நல்லாயிருக்கும்" என்றார். தலைவர் தலையசைத்தார். எட்டு ஏழாயிற்று, ஏழு எட்டாயிற்று. கண்ணாடி மசோதா நிறைவேறியது. அவசரம் என்று வரிசையை மாற்றியவர்கள் அதன் பிறகாவது போனார்களா? தலைவரோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முன்வரிசையிலேயே ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "சுருக்கமா சொல்லுங்கம்மா." சிலிண்டரைச் சொன்னேன். தம்பியின் விரல்களைச் சொன்னேன். என் இரண்டு விரலை விரித்துக் காட்டியும் வைத்தேன். ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார், பிறகு கடிகாரத்தையும் பார்த்தார். நான் பின்வரிசைக்குத் திரும்பி, தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது பேனாமூடி உள்ளே வந்தார். முன்வரிசையில் கண்ணாடிக்காரர்களைப் பார்த்தார். எங்கள் மசோதா தான் இல்லாதபோதே முடிந்துவிட்டது, இப்போது ஓடுவது கண்ணாடி என்று முடிவு கட்டிக்கொண்டார். அவர் கட்சி கண்ணாடி மசோதாவை எதிர்க்கச் சொல்லியிருந்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்பது அவர்கள் வழக்கமில்லை.

"ஆதரிப்பவர்கள்?" நான்கு கை.

"எதிர்ப்பவர்கள்?"

பேனாமூடி உட்காருவதற்கு முன்பே கையைத் தூக்கினார். ஐந்து.

6

உடனே தேநீர் இடைவேளை. நடைவழியில் அவரைப் பிடித்தோம். பக்கத்தில் இருந்த யாரோ அதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். முகம் வெளிறியிருந்தது. கையில் பிஸ்கட்.

தம்பி மனைவிதான் ஆரம்பித்தாள். "சார், அது உங்க கைதானா? இல்ல வேற யாராவது பின்னாலேருந்து தூக்கி விட்டாங்களா?"

"மெதுவாம்மா, மெதுவா. கண்ணாடிக்காரங்க உக்காந்திருந்தாங்க, நான் அதுன்னு நெனச்சேன்."

"நாங்களும்தான் உக்காந்திருந்தோம். நாங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"இப்ப என்ன பண்றதும்மா?"

நான் சொன்னேன். எப்படியாவது மசோதா தேறாதா என்று அந்தக் குழுவின் விதிகளை முன்பே படித்து வைத்திருந்தேன். ஜெயித்த பக்கம் கை தூக்கிய ஒருவர், கூட்டம் கலைவதற்குள் கேட்டுக்கொண்டால், மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். "எதிர்த்து ஜெயிச்சவங்க அஞ்சு பேர் சார். மத்த நாலு பேரு கேக்க மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான். எழுந்து, 'கை தவறிப்போச்சு, மறுபடி எடுங்க'ன்னு சொன்னாப் போதும்."

அவர் யோசித்தார். பிஸ்கட்டை மென்றார். "சொல்லிடறேம்மா. இதுல என்ன இருக்கு? மனுஷன்னா தப்பு வராதா? நம்ம மசோதாதானே."

அவர் உள்ளே போனதும் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஆளு அப்படி ஒண்ணும் மோசமில்லையோ?" என்றாள். அந்த ஒரு நொடி நானும் அப்படித்தான் நினைத்தேன். கதையில் இந்த இடத்தை மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டு பேரும் முட்டாள்களாகத் தெரிகிறோம். பரவாயில்லை.

7

கூட்டம் மறுபடி கூடியது. பேனாமூடி எழுந்தார்.

"தலைவர் அவர்களே, எட்டாவதாக எடுத்துக்கொண்ட மசோதா குறித்து நான் ஒரு விளக்கம்..."

எதிர்வரிசையில் ஒருவர் இருந்தார், வாய்த்துடுக்கு. "என்னண்ணே, பெத்த பிள்ளையையே கிணத்துல தள்ளிட்டீங்களாமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரித்தார். சுருக்கெழுத்து எழுதுகிறவரும் சிரித்தார். என் முதலாளி, விஷயம் புரியாமலே, மரியாதைக்காகச் சிரித்தார்.

பேனாமூடி சிரிப்பு அடங்கும் வரை நின்றார். மூடியைக் கடித்தார். அந்த நிற்பில்தான் நடந்தது. நான் பார்த்தேன். ஒரு மனிதன் கதாசிரியனாக மாறும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் பயம், பிறகு ஒரு சமாதானம்.

"கிணற்றில் தள்ளவில்லை," என்றார், குரலே வேறாக இருந்தது. "தெரிந்தேதான் எதிர்த்தேன். என் தொகுதியிலே ஒரு பெரியவர் இருந்தார். ஏழை. வண்டி வாசலில் தயாராக நின்றது. ஆனால், கூட ஒரு நர்ஸ் வந்தால்தான் அனுப்புவோம் என்று ஆஸ்பத்திரியில் நிறுத்திவைத்தார்கள். நர்ஸ் வரவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே பெரியவர் உயிர் போய்விட்டது. விதிகள் கொல்லும், தலைவர் அவர்களே! கையெழுத்துப் போடும்போது எனக்கு அது தோன்றவில்லை. இன்று அந்தப் பெரியவர் முகம் என் கண் முன்னால் வந்தது. என் கை தானாக உயர்ந்தது."

அறையே அமைதியாயிற்று. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய்த்துடுக்குக்காரர் தலை குனிந்தார். அந்த அறையில் அன்று ஒரு சாவுக்காக யாராவது மௌனமாக இருந்தார்கள் என்றால், அது நடக்காத சாவுக்காக.

கூட்டம் கலைந்தது. யாரும் மறு ஓட்டெடுப்புக் கேட்கவில்லை.

8

இங்கே ஒரு தொழில் முறைப் பாராட்டு. அவருக்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு அடங்கும் நேரம். அதற்குள் ஒரு பாத்திரம், ஒரு வாசல், நிற்கிற வண்டி, வராத நர்ஸ். நான் இந்தப் பக்கங்களோடு எத்தனை காலமாக மாரடிக்கிறேன்! என் தம்பி இன்னும் சரியாக எழுந்து நிற்கவில்லை. அவனுக்குச் சீட்டி போட வருகிறது, பொய் சொல்ல வருகிறது, அவ்வளவுதான்.

பேனாமூடியைப் பற்றியும் ஒரு சந்தேகம். மனிதர் இவ்வளவு அற்பமாக இருப்பாரா? படிக்கிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அவருக்கு ஒரு நல்ல குணம் கொடுக்கலாம் என்று தேடினேன். 

[அவருக்கும் ஒரு தம்பி இருந்தான். சிறு வயதிலேயே]

இல்லை. கொடுக்க மாட்டேன். அவருக்கு வேண்டியதை அவரே செய்துகொள்கிறார். ஒரே ஒரு நியாயம் செய்கிறேன்: அவர் கெட்டவர் இல்லை. சிரிப்புக்குப் பயந்தவர். கெட்டவராக இருந்தால் காசு கொடுத்தாவது சரிக்கட்டியிருக்கலாம்.

9

மறுவருடம் மசோதா மறுபடி வந்தது. நாங்களும் போனோம். இம்முறை பேனாமூடி வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. வேறொரு உறுப்பினர் எழுந்தார். "சென்ற ஆண்டு இதே அறையில் நாம் கேட்ட அந்த ஓய்வுபெற்ற தபால்காரர்..."

தபால்காரர்! ஒரு வருடத்தில் பெரியவருக்கு உத்தியோகம் கிடைத்திருந்தது. இரண்டு மகன்கள் பிறந்திருந்தார்கள், ஒருவன் வெளிநாட்டில். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர், "அதுபோன்ற சம்பவங்கள் எங்கள் கவனத்துக்கும் வந்துள்ளன" என்றார். பெரியவர் பன்மையாகிவிட்டார். மசோதா ஆறுக்கு மூன்று என்று தோற்றது. என்னைப் பற்றிய வரி அப்படியே இருந்தது. கருத்துத் தெரிவித்தேன்.

அந்த வாரம் பேனாமூடிக்குப் போன் செய்தேன்.

"சார், அந்தப் பெரியவர் வீடு எந்தத் தெரு?"

"எதுக்கும்மா?"

"போய்ப் பாக்கலாம்னுதான். நாங்களும் பறிகொடுத்தவங்கதானே."

"வேணாம்மா," என்றார். குரல் கனிந்திருந்தது, சத்தியமாகக் கனிந்திருந்தது. "பாவம், அந்தக் குடும்பம் இப்பதான் கொஞ்சம் தேறி வந்திருக்கு. போய்க் கிளறி விடாதீங்க."

போனை வைத்தார்.

தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "அக்கா, பேசாம நம்ம ஆளையும் பெரியவரா ஆக்கிடுங்க. எழுபது வயசு போடுங்க. இல்லாத மனுஷனா இருந்தாத்தான் இவனுங்க நம்புறானுங்க."

அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

10

முடிவுகள்.

முதல் முடிவு: பேனாமூடி எழுந்து, "கை தவறிப்போச்சு, மறுபடி எடுங்க" என்கிறார். எழுதிப் பார்த்தேன். நான்கே வார்த்தை. முழு வரிகூட நிரம்பவில்லை.

இரண்டாம் முடிவு: குழுக் கூட்டத்துக்கு அந்தப் பெரியவரே வந்துவிடுகிறார். ஒல்லியான மனிதர், தபால்காரர் பை. "ஐயா, நான் சாகவே இல்லை. பொறந்ததும் இல்லை. என் பேரைச் சொல்லி இன்னும் எத்தனை பேரை வண்டியில ஏத்துவீங்க?" என்கிறார். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். "சுருக்கமா சொல்லுங்க பெரியவரே." குறிப்பில் பதிவாகிறது: பொதுமக்கள் தரப்பில் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்.

இது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இட்டுக்கட்டிய ஆளை வைத்து ஜெயிப்பது அவர்கள் வழி.

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. மசோதா இந்த வருடமும் வருகிறது. பேனாமூடி இப்போது குழுவின் தலைவர். நாங்கள் இரண்டு பேரும் பின்வரிசையில் இருப்போம். அந்த அறை பொதுமக்களுக்குத் திறந்ததுதான்; நாற்காலிகள் எப்போதும் காலியாகவே கிடக்கும். கை எண்ணும்போது யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. முடிவை அங்கே வந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் நீங்களே ஒன்று இட்டுக்கட்டிக்கொள்ளுங்கள், அந்த அறைக்கு அதுவும் பழக்கம்தான்.

கண்ணாடி மசோதா சட்டமாகிவிட்டது. எங்கள் கடையில் இப்போது கண் பரிசோதிக்கிறோம். முதலாளி பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்துவிட்டார். கூட்டம் தாங்கவில்லை என்று கட்டடக்காரர்கள் லிஃப்டுக்குப் புதுக் கதவு, புது விளக்கு, புதுக் கம்பி வடம் எல்லாம் போட்டார்கள். வேறு மெக்கானிக் வந்தார். நல்ல ஆள், சீட்டி போடமாட்டார்.

மூன்றாவது மாடியில் அது இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்துதான் நிற்கிறது.